ஊர் திரும்பும் கலைஞரும் உள்ளூர்க் கைவினைஞரும்

கலைஞர் என்றும் கைவினைஞர் என்றும் இரு சொற்களை இன்று நாம் வெவ்வேறு பொருளில் ஆள்கின்றோம். முன்னவர்க்கு மேடையும் பொன்னாடையும் உரியன. பின்னவர்க்குக் கூலியும் முன்பணக் கடனும் உரியன. பண்டைத் தமிழர் இவ்வாறு பிரித்ததாகத் தெரியவில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்துத் தெருக்களை அடுக்கிச் சொல்லுங்கால், நெய்வோராகிய காருகரும், தச்சரும், கொல்லரும், தோல் தைப்போரும், யாழ் வல்ல பாணரும் ஒரே மூச்சில் வந்து போகின்றனர். ஓவியம் எழுதுவோரையும் அங்கே ‘கண்ணுள் வினைஞர்’ என்றே இளங்கோவடிகள் குறிக்கின்றார். ஓவியரும் வினைஞரே! இந்தச் சொல்லைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நாம் சற்று நின்றுதான் மேலே செல்கின்றோம்.

இதனை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அகமதாபாத்தில் 1961ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும், சென்னையில் 1995ஆம் ஆண்டு முதல் நடைபெறும் ஆடைத் தொழில்நுட்ப நிறுவனத்திலும், 1850ஆம் ஆண்டு மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரால் நிறுவப்பெற்று இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் பழைய சென்னைக் கலைப்பள்ளியிலும் பயின்ற நம் பிள்ளைகள் சிலர், பெருநகரத்து வேலையில் மனம் நிறையாது பிறந்த மண்ணுக்குத் திரும்பி வந்து, உள்ளூர்க் கைவினைஞரோடு சேர்ந்து தொழில் செய்ய விரும்புகின்றனர். சேலத்திலும் ஏர்க்காட்டிலும் பிறந்த இளைஞரிடத்தும் இவ்வெண்ணம் இருக்கக் காண்கின்றோம். வரவேற்கத்தக்க எண்ணமே. எனினும் வரவேற்பதோடு நின்றுவிடுவது ஆசிரியர் கடமையாகாது. எவ்வாறு திரும்புகின்றனர், யாரிடம் என்ன கேட்கின்றனர், எதனைத் தம் பெயரில் எழுதிக்கொள்கின்றனர் என்பனவற்றையும் நாம் கேட்டாக வேண்டும்.

முதலில் மலையைப் பார்ப்போம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் சேர்வராயன் மலைமேல் ஏர்க்காடு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பார் இங்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தார் என்பது வரலாறு. அதன்பின் மலையின் முகமே மாறிற்று. காப்பித் தோட்டமும் சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும் வெளியார்க்கு அறிமுகமான அளவிற்கு, அம்மலைக்கு உரியவராகிய மலையாளிப் பழங்குடி மக்களின் கைத்திறன் அறிமுகமாகவில்லை. (கேரளத்து மலையாளியர்க்கும் இவர்க்கும் தொடர்பில்லை, காஞ்சியிலிருந்து மலையேறி வந்தோம் என்பது இவர்தம் வாய்மொழி வரலாறு. மலையை ஆள்வோர் என்பதால் மலையாளி.) மூங்கிலைப் பிளந்து கூடை முடைவதும், மூங்கிற் சட்டத்தில் மண்ணப்பி வீடு எழுப்புவதும், புல்லால் கூரை வேய்வதும் இவர்கள் வாழ்க்கையோடு பிறந்த வேலைகள். இவற்றிற்குக் ‘கைவினை’ என்று பெயர் சூட்ட வேண்டும் என்று அவர்கள் எண்ணியதே இல்லை.

இம்மலையின் மிகப் பழைய கைவினைஞர் யாரென்று கேட்டால், புதிய கற்காலத்து மக்களைச் சொல்ல வேண்டும். 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்துப் புகழ் பெற்ற இராபர்ட் புரூஸ் ஃபூட் தம் முதுமைக் காலத்தை ஏர்க்காட்டில் கழித்தவர். மெருகேற்றிய கற்கருவிகளைச் சேர்வராயன் மலையிலும் அவர் திரட்டினார். அவர்தம் தொகுப்பு 1904ஆம் ஆண்டு சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றது. திரட்டியவர் பெயர் நிலைத்தது; தீட்டியவர் பெயர் தெரிய வழியில்லை. கற்காலத்தவர் பெயர் தெரியாமைக்கு யாரையும் குறைகூற முடியாது. நம் காலத்தவர் பெயர் தெரியாமைக்கோ அப்படி ஒரு சாக்கும் இல்லை.

இனி மலையிறங்கிச் சேலத்துக்கு வருவோம். ஊர் திரும்பும் வடிவமைப்பாளர் யாவரும் படித்திருக்க வேண்டிய பாடம் ஒன்று இங்கே நடந்திருக்கின்றது. ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர் சென்னை மாகாணத்துத் தொழில்களை வளர்க்க உண்மையாகவே உழைத்தவர். அலுமினியப் பாத்திரத் தொழிலை 1898ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கி வெற்றியும் கண்டவர். கைநாடாவை எறிந்து நெய்யும் நெசவாளர் விசைநாடாவிற்கு மாறினால் ஒரு நாளில் நெய்யும் அளவு பெருகும் என்பதை அவர் கண்டார். அதனைப் பரப்ப 1906ஆம் ஆண்டளவில் சேலத்தில் அரசு சார்பில் நெசவுக்கூடம் ஒன்றை அமைத்தார். தறிகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரத்தில் போக வேண்டும். கூடுதல் கூலியும் கிடைக்கும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நெசவாளர்தாம் ஒழுங்காக வரவில்லை!

காரணம் சோம்பல் அன்று. அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறி என்பது ஒருவர் இயக்கும் கருவி மட்டும் அன்று. மனைவி தார் சுற்றுவாள். பிள்ளை இழை பிணைக்க உதவுவான். பாவு போடுங்கால் தெருவே திரண்டு பாவடிக்கு வரும். பாவடி என்னும் சொல் சேலத்தில் இடப்பெயராகவே நின்றுவிட்டது என்றால் அத்தொழில் எவ்வளவு கூட்டுத் தொழில் என்பது விளங்கும். ஆடவனை மட்டும் பிரித்துக் கூடத்துக்கு அழைத்தால் வீட்டிலுள்ள நால்வர் கைக்கு வேலை இல்லை. தனியார் தொழிலில் அரசு புகலாகாது என்று இலண்டனிலிருந்து வந்த ஆணையும் சேர்ந்துகொள்ள, 1910இல் கூடம் மூடப்பட்டது. சுவையான செய்தி இதன் பின்னர்தான். கூடம் மூடிய பிறகு வந்த ஆண்டுகளில் விசைநாடா தமிழகத்துத் தறிகளில் தானாகவே பரவிற்று. கருவியை நெசவாளர் ஏற்றுக்கொண்டனர். கூரையை மட்டுமே ஏற்கவில்லை. சாட்டர்டனின் அறிவில் பிழை இல்லை. தொழிலைப் பார்த்த அவர் தொழில் நடக்கும் வீட்டைப் பார்க்கவில்லை என்பதே நம் துணிபு.

அவராவது வெளிநாட்டார். இம்மண்ணிலேயே பிறந்தவரும் இதே வழியில் செல்வதைத்தான் நம்மால் பொறுக்க இயலவில்லை. செவ்வாய்ப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்து வெள்ளிக் கொலுசு பல கைகள் மாறி உருவாவது. வெள்ளியை உருக்குபவர் ஒருவர், கம்பி இழுப்பவர் ஒருவர், வளையம் கோப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகேற்றுபவர் மற்றொருவர். இவற்றுள் பெரும்பகுதி வீட்டுத் திண்ணையிலும் சிறு பட்டறையிலும் நடைபெறுவது, கூலி எடைக்கணக்கில். நாமறிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் நகரத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் சில மாதிரிகள் செய்து வாங்கிச் சென்றார். கோடு மட்டும் இளைஞருடையது. அக்கோடு வெள்ளியில் ஒடியாமல் வளைவதற்கு எங்கே தடிப்பு வேண்டும், எங்கே பற்று வைக்க வேண்டும் என்பதெல்லாம் பட்டறைக்காரர் கண்டது. பின்னர் வண்ணப் படங்களுடன் வந்த இதழொன்றில் இளைஞரின் பெயரும் நேர்காணலும் இருந்தன. ‘சேலத்துக் கைவினைஞர்களைக் கொண்டு உருவாக்கப்பட்டது’ என்று ஒரு வரியும் இருந்தது. அந்தப் பன்மை விகுதிக்குள் பட்டறைக்காரர் அடங்கிவிட்டார். அதைவிட வேதனை, மாதிரிகளுக்கான கூலி பல மாதங்கள் கழித்தே வந்து சேர்ந்தது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலி என்பதை மீலாது மேடைதோறும் நாம் எடுத்தோதுகின்றோம். நம் சமுதாயத்து வணிகப் பெருமக்களும் இதைத் தம் கணக்குப் புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் நலம்.

பெயர் என்று சொன்னோம். பெயரைப் பற்றிப் பேசினால் பத்தமடையை விட்டுவிட்டுப் பேச முடியாது. தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, பிளந்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திச் சாயமேற்றி, பருத்தியோ பட்டோ பாவாக இட்டு நெய்யும் அப்பாய், துணியைப் போல மடியும். நெய்வோருள் மிகப் பெரும்பாலோர் நம் முஸ்லிம் குடும்பத்தினர். 1953ஆம் ஆண்டு எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவிற்குப் பத்தமடைப் பாய் சென்றதை அவ்வூரார் இன்றும் பெருமையுடன் சொல்வர். திருமணப் பாயில் மணமகன், மணமகள் பெயர்களைக் கோரையிலேயே எழுத்தாக நெய்து தருவது அவர்கள் தனித்திறன். எழுத்தைத் திருப்பாமலும் பிறழாமலும் கோரையில் கொண்டுவருவது எளிதன்று. பிறர் பெயரை இத்துணை அழகாக நெய்து தருபவரின் பெயர் அப்பாயின் எந்த மூலையிலும் இராது. புவிசார் குறியீடு கிடைத்திருக்கின்றது; மகிழ்ச்சியே. ஆனால் அது ஊருக்குக் கிடைத்த பெயர், ஆளுக்குக் கிடைத்ததன்று. இதற்கிடையில் விசைத்தறிப் பாய் வந்து சந்தையை நிரப்பிவிட்டது. நுண்பாய் நெய்யும் கைகள் குறைந்து வருகின்றன.

பெயரின்மையே கைவினையின் அழகு என்று வாதிடுவோரும் உளர். சப்பானில் யனகி சோயெட்சு என்னும் அறிஞர், பெயரறியாக் கைவினைஞன் படைத்த அன்றாடப் பொருளின் எழிலைப் போற்றி ஓர் இயக்கமே கண்டார். 1936ஆம் ஆண்டு டோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகமும் அமைத்தார். உயர்ந்த சிந்தனைதான். ஆனால் அக்கொள்கையால் யனகியின் பெயர் உலகறிந்தது. குயவர் பெயரோ அறியப்படாமலே நின்றது. பெயரை வேண்டாம் என்று துறப்பதற்கும் முதலில் ஒரு பெயர் இருக்க வேண்டுமன்றோ?

வேறு வழி உண்டா என்று மாணவச் செல்வங்கள் கேட்கலாம். உண்டு. அதற்குக் குசராத்து மாநிலத்துக் கச்சுப் பகுதிவரை செல்ல வேண்டும். அங்கே அச்சுக் கட்டைகளால் அஜ்ரக் என்னும் சாயத் துணியை உருவாக்குவோர் கத்திரி முஸ்லிம்கள். சிந்துப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள். செயற்கைச் சாயத்தின் வரவால் பழைய அவுரி, மஞ்சிட்டிச் சாயங்கள் மறையத் தொடங்கிய காலத்தில், 1970களில், வடிவமைப்பாளர் சிலர் தமட்கா என்னும் ஊருக்கு வந்து முகமது சித்திக் கத்திரி என்னும் மூத்தவரோடு உழைத்தனர். பழைய சாயமுறை அவர் கையில் இருந்தது. புதிய சந்தை அவர்கள் கையில் இருந்தது. வந்தவர்கள் சென்றனர், தொழில் நின்றது. 2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நிலநடுக்கம் அவ்வூரைத் தரைமட்டமாக்கியபோது, கத்திரிக் குடும்பங்கள் பல அஜ்ரக்பூர் என்னும் புதிய ஊரையே எழுப்பிக்கொண்டன. சித்திக்கின் மைந்தர் இஸ்மாயில் கத்திரிக்கு 2003ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டி மான்ட்போர்ட் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. சாயத்தொட்டியருகே நின்று பெற்ற அறிவுக்கு முனைவர் பட்டம்!

இதனினும் சிறந்த செய்தி 2005இல் நிகழ்ந்தது. ஜூடி ஃபிரேட்டர் என்னும் அம்மையார் கச்சில் ‘கலா ரக்‌ஷா வித்யாலயா’ என்னும் பள்ளியைத் தொடங்கினார். வடிவமைப்பாளரைக் கைவினைஞரிடம் அனுப்புவதற்குப் பதிலாகக் கைவினைஞர்க்கே வடிவமைப்பைக் கற்பிப்பது அதன் நோக்கம். பின்னர் 2014இல் சோமையா கலா வித்யா என்னும் பள்ளியும் இவ்வழியில் எழுந்தது. நெசவாளரும் அச்சுக்காரரும் தொழிலை விடாமல் படிக்கும்படி இடைவெளி விட்டு வகுப்புகள். பயிற்சி முடிவில் அவரவர் பெயரில் அவரவர் படைப்பு. கோடு போடுபவர் ஒருவர், உழைப்பவர் ஒருவர் என்னும் பிரிவினையையே இது அசைத்துவிட்டது. சேலத்தில் 1960ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கின்றது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அதனைப் பெருமளவில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது நம் விழைவு.

அத்துணைத் தொலைவு செல்வானேன், சேர்வராயன் மலைக்கு அண்மையிலேயே, தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கு வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடியரும். 1993ஆம் ஆண்டு மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர் அங்குச் சென்று பழங்குடி மக்கள் நல மருத்துவமனையை அமைத்தனர். லம்பாடிப் பெண்களின் பழைய தையற் பூவேலை, ஆடை மாறியதனால், ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. அதனை நினைவில் வைத்திருந்த மூதாட்டியர் சிலரைக் கொண்டு இளம்பெண்கள் கற்றனர். ‘போர்கை’ என்னும் பெயரில் கைவினைஞர் சங்கம் உருவாயிற்று. லம்பாடி மொழியில் அதற்குப் ‘பெருமை’ என்பது பொருளாம். வெளியிலிருந்து வடிவமைப்பாளரும் வந்து உதவினர். ஆனால் ஆசிரியர் இடத்தில் அமர்ந்தவர் மூதாட்டியர். சங்கத்தை நடத்துவோரும் அப்பெண்களே. இவ்வரிசையை நாம் மிக முக்கியமானதாகக் கருதுகின்றோம். மருத்துவர் ஒருவர் கைவினையை மீட்கத் துணை நின்றது கண்டு வியப்போர் சென்னைக் கலைப்பள்ளியை நிறுவிய ஹண்டரும் மருத்துவரே என்பதை எண்ணுக. நோயாளி சொல்வதைக் கேட்டுப் பழகிய காது இதற்கும் பயன்படும் போலும்!

இலங்கையிலும் ஒருவரை எடுத்துக்காட்டலாம். பத்திக் ஓவியத் துணிகளால் புகழ் பெற்ற ஈனா த சில்வா அம்மையார், 1980களில் மாத்தளை அருகே அலுவிகாரையில் உள்ள தம் மூதாதையர் இல்லத்துக்குத் திரும்பினார். பாலி மறைநூல்கள் ஏட்டில் எழுதப்பட்டதாகக் கூறப்படும் ஊர் அது. ஊர்ப் பெண்களைக் கொண்டு பத்திக்கும் பூத்தையலும், ஊர் ஆடவரைக் கொண்டு பித்தளை வார்ப்பும் மரவேலையும் நடத்தினார். 2015ஆம் ஆண்டு மறையும்வரை அப்பணி தொடர்ந்தது. திட்டக்காலம் முடிந்தவுடன் மூட்டை கட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. ஊர் திரும்புதல் என்பதற்கு நாம் கொள்ளும் பொருளும் இதுதான். ஆறு மாதம் தங்கி நிழற்படம் எடுத்துச் செல்வது சுற்றுலா. அதற்கு ஏர்க்காட்டில் கோடை விழா இருக்கின்றது.

மீண்டும் மூங்கிலுக்கு வருவோம். மலையாளி மக்களின் கூடையைப் பார்த்து மகிழ்ந்து, ‘இதிலேயே விளக்கு மூடி செய்து தாருங்கள், ஐந்நூறு வேண்டும்’ என்று கேட்கும் வடிவமைப்பாளர், அம்மூங்கில் எங்கிருந்து வரும் என்று கேட்பதுண்டா? நெடுங்காலம் வனச் சட்டத்தின் பார்வையில் மூங்கில் மரமாகவே எண்ணப்பட்டது. வெட்டவும் கொண்டு செல்லவும் இசைவு வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறுவன மகசூலில் சேர்த்து, வனவாழ் மக்களுக்கு அதன்மேல் உரிமை தந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. சட்டத்தில் இருப்பது கையில் கிடைப்பதற்கு மனு எழுத வேண்டும். கிராம சபையில் பேச வேண்டும். அலுவலகப் படி ஏற வேண்டும். படித்துத் திரும்பும் பிள்ளை தன் படிப்பை முதலில் செலவிட வேண்டிய இடம் இதுவே என்போம். நல்ல மனு ஒன்று நூறு மாதிரிக்கோடுகளுக்கு நிகர்.

தமிழ்த்துறையினர் இதில் என் செய்வது என்று நம் முதியோர் சிலர் கேட்கக்கூடும். கைவினை மறையும்போது அதனோடு சொல்லும் மறைகின்றது. தார், பாவு, ஊடை, விழுது, நாடா, படைமரம், அச்சு என்று தறிக்கு மட்டும் எத்தனை சொற்கள்! வடிவமைப்புக் கல்லூரியிலிருந்து திரும்பும் இளைஞர் இவற்றுக்கெல்லாம் ஆங்கிலச் சொல்லோடு வருகின்றார். சில ஆண்டுகளில் நெசவாளரும் அச்சொற்களையே பேசத் தொடங்குவர். தம் சொல் தாழ்ந்தது என்னும் எண்ணம் அவருள் புகுந்துவிடும். கி. ராஜநாராயணன் 1982ஆம் ஆண்டு கரிசல் வட்டாரத்துக்கும், பின்னர்ப் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் சொல்லகராதி செய்து வழிகாட்டினர். தொழில்வாரியாக இத்தகைய தொகுப்பு சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் வேண்டும்.

நம் துறை முதுகலை மாணவர் இவ்வாண்டுக் கோடை விடுமுறையில் இதனைத் தொடங்கவுள்ளனர். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகள் முதலில். அம்மாப்பேட்டைத் தறிகள் அடுத்து. மலைமேல் மூங்கில் வேலை மூன்றாவது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. சொல், பொருள், எந்தக் கருவிக்கு அல்லது எந்த நிலைக்கு உரியது என்பவற்றோடு, சொல்லித் தந்தவர் பெயரும் ஊரும் அவர் இசைவுடன் அட்டையில் இடம்பெறும். பெயர் வேண்டாம் என்பார்க்கு அந்தக் கட்டம் வெறுமையாக விடப்படும். மாணவர் தம் பெயரை அதில் எழுதலாகாது. வீட்டில் தறியோ பட்டறையோ உள்ள மாணவர் இப்பணியில் முன்னிற்க வேண்டுகின்றோம். அட்டைகள் துறை அலுவலகத்தில் கிடைக்கும்.